எஃப்.ஐ.ஆர். முதல் தீர்ப்பு நகல் வரை: எந்தக் காகிதத்தை யாரிடம், எப்படிக் கேட்பது?

விபத்து, அடிதடி, நிலத் தகராறு, தொலைந்துபோன பத்திரம் என்று எது நடந்தாலும் சில நாளில் யாராவது ஒருவர் "எஃப்.ஐ.ஆர். காப்பி கொண்டு வாங்க" என்றோ, "கோர்ட் ஆர்டரோட சர்டிஃபைடு காப்பி வேணும்" என்றோ சொல்லிவிடுவார். கேட்பது இன்சூரன்ஸ்காரராக இருக்கலாம், வங்கியாக இருக்கலாம், மேல்முறையீட்டுக்கு நீங்கள் தேடிப்போன வக்கீலாக இருக்கலாம். அன்றிலிருந்து ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைச்சல் தொடங்கும். அப்படி அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் காகிதம் சரியானதுதான், நிற்கும் மேஜைதான் தவறு. ஆவணம் இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அங்கே அதற்கு என்ன எண் என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். என்கிறார்கள். பிரிவு எண்களை அதன்படியே தருகிறேன். பழைய வழக்குகளின் காகிதங்களில் பழைய எண்கள்தான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

முதலில் எண்ணைப் பிடியுங்கள்

ஒரே சம்பவம் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புது எண்ணை வாங்கிக்கொள்ளும். நீங்கள் ஸ்டேஷனில் மனு கொடுத்ததும் தருவது சி.எஸ்.ஆர். ரசீது. அதில் ஓர் எண் இருக்கும். மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான அத்தாட்சி அது, எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் ரசீதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு.

வழக்குப் பதிவானால் கிடைப்பது குற்ற எண். பேச்சில் 'கிரைம் நம்பர்' என்பார்கள். அது அந்தந்த ஸ்டேஷனுக்கு, அந்தந்த வருடத்துக்கு உரியது. ஆகவே ஸ்டேஷன் பெயரும் வருடமும் சேராத குற்ற எண்ணால் எந்தப் பயனும் இல்லை. போலீஸ் இறுதி அறிக்கை தாக்கல் செய்து, நடுவர் நீதிமன்றம், அதாவது மாஜிஸ்திரேட் கோர்ட், அதைக் கோப்பில் எடுத்தால் சி.சி. எண் வரும். கொலை போன்ற, அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக்கூடிய வழக்கு என்றால் நடுவர் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. எண் பெற்று, பிறகு அமர்வு நீதிமன்றத்துக்குப் போய் எஸ்.சி. எண் ஆகும். தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு போனால் அதற்குத் தனி எண். அமர்வு நீதிமன்றத்தில் குற்ற எண்ணை மட்டும் சொல்லி நகல் கேட்டால் "அப்படி எதுவும் இங்க இல்லையே" என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய பதிவேடு எஸ்.சி. எண்ணில் ஓடுகிறது.

எனவே ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: சம்பவத் தேதி, ஸ்டேஷன், சி.எஸ்.ஆர். எண், குற்ற எண், சட்டப் பிரிவுகள், நீதிமன்றம், வழக்கு எண், அடுத்த வாய்தா அல்லது தீர்ப்புத் தேதி. தெரியாத இடத்தை வெற்றாக விட்டுவிடுங்கள். பாதியை வீட்டிலிருந்தே நிரப்பலாம்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை

தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கலாம், சி.எஸ்.ஆர். நிலையை அறியலாம், சாலை விபத்து வழக்கின் ஆவணங்களைப் பதிவிறக்கலாம், தொலைந்த ஆவணத்துக்கு அறிக்கை பெறலாம். இந்தக் கடைசி வசதி தெரியாததால், ஓட்டுநர் உரிமத்தையும் மதிப்பெண் பட்டியலையும் தொலைத்தவர்கள் இன்னும் ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கிறார்கள்.

எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் கிடைப்பதற்கு 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு முக்கியக் காரணம். யூத் பார் அசோசியேஷன் வழக்கு அது. பதிவான 24 மணி நேரத்தில் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற வேண்டும், இணைப்புச் சிக்கல் உள்ள இடங்களில் 72 மணி நேரம் வரை போகலாம் என்றது அந்தத் தீர்ப்பு. பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள், பயங்கரவாதம் தொடர்பானவை ஏற்றப்பட மாட்டா. உங்கள் வழக்கு தளத்தில் இல்லையென்றால், எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

நீதிமன்றப் பக்கம் ஈகோர்ட்ஸ் தளமும் அதே பெயரிலுள்ள கைபேசிச் செயலியும் இருக்கின்றன. கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், வக்கீல் பெயர் என்று எதை வைத்தும் தேடலாம். பலரும் கவனிக்காத ஒரு தேடல், எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்துத் தேடுவது. கையில் குற்ற எண் மட்டும் இருப்பவருக்கு சி.சி. எண்ணும் நீதிமன்றமும் இந்த வழியில்தான் கிடைக்கும். தேடலின் முடிவில் 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண் தெரியும். அதைக் குறித்துவைத்தால் பிறகு வேறெதுவும் தேவையில்லை, அந்த ஒன்றைத் தட்டினாலே வழக்கின் வாய்தாக்களும் ஏற்றப்பட்ட உத்தரவுகளும் வந்து நிற்கும். சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அதன் மதுரைக் கிளைக்கும் தனித் தளம் உண்டு.

இவற்றிலிருந்து இறக்கும் நகல் படித்துப் புரிந்துகொள்ளப் போதும். மேல்முறையீட்டில் இணைக்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க என்றால் முத்திரையிட்ட சான்றிட்ட நகல்தான் வேண்டும்.

காவல் நிலையத்தில்

புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எஃப்.ஐ.ஆர். நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 173(2) இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஸெராக்ஸ் செலவு என்று கூட எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டேஷனில் இந்த வேலை பெரும்பாலும் எழுத்து வேலை பார்க்கும் காவலரான ரைட்டரிடம் இருக்கும். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்று அவர் சொன்னால் சண்டை போடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு, 173(2)-ன்படி நகல் வேண்டும் என்று இரண்டு வரி எழுதி, அதன் இன்னொரு பிரதியில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கையொப்பத்தைப் போடுவதைவிட நகலைத் தருவது சுலபம் என்று தந்துவிடுவார்கள். மறுத்தால் அதே மனுவை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு, தபாலில் அனுப்புங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் பக்கமும் இதில் உரிமை உண்டு. அவரோ அவர் சார்பில் இன்னொருவரோ உரிய கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 24 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்பதும் மேலே சொன்ன 2016 தீர்ப்புதான். ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் நீதிமன்றம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆரின் மூலப்படி நடுவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே நகல் மனு போட்டால் 2 வேலை நாளில் தர வேண்டும்.

எஃப்.ஐ.ஆரே போடவில்லை, சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்கிறது என்றால் அது வேறு பிரச்சினை. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போதைய சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். அதைத் தாண்டியும் வழக்குப் பதியாவிட்டால் 173(4)-ன்படி எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பி, அதற்கும் பலன் இல்லையென்றால் நடுவரிடம் போகலாம்.

வழக்குப் பதிவான பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லையா? புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்பது 193-ஆம் பிரிவு. இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒருவேளை வழக்கையே முடித்திருக்கலாம். 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', அதாவது புகாரில் சொன்னது உண்மை நிலவரத்தோடு பொருந்தவில்லை என்றோ, கண்டுபிடிக்க முடியவில்லை என்றோ முடித்தால் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பை வாங்கும்போது தேதியைக் குறித்துவிடுங்கள். வழக்கு முடிப்பை எதிர்த்து நடுவரிடம் ஆட்சேபிக்க அது உங்களுக்குத் தேவைப்படும்.

விபத்து வழக்குகளில் ஸ்டேஷன் காகிதம் மட்டும் போதாது. அடிபட்டதும் முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் ஏ.ஆர். பதிவு இருக்கும், அதாவது ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர். அதன் நகல், காயச் சான்று, இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாகன ஆய்வாளரின் அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜர், அந்த இடத்தின் வரைபடம் எல்லாம் இழப்பீட்டு மனுவுக்கு வேண்டும். ஏ.ஆர். நகலை முதலில் வாங்கிப் படியுங்கள். 'எப்படி அடிபட்டது' என்ற வரியில் அவசரத்தில் 'தானாக விழுந்தார்' என்று எழுதியிருந்தால் பின்னால் பெரும் சங்கடம். அதை வழக்கு நடத்துகிறவர் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்குள்ளேயே ஏதாவது நடந்திருந்தால் சிசிடிவி பதிவு முக்கியம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான வசதி கிடைக்காத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. ஆனாலும் நாளைக் கடத்தாதீர்கள். சம்பவத் தேதி, நேரத்தைச் சொல்லி, பதிவை அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லும் மனு முதல் வாரத்திலேயே எஸ்.பி. அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும்.

நீதிமன்றத்தில் நகல் மனு

என் கவலையெல்லாம் இந்த இடத்தில்தான். நீதிமன்ற நகலை எடுக்கும் முறை எளிது, ஆனால் ஒரு படியைத் தவறவிட்டால் வழக்கையே பாதிக்கும்.

நகல் விண்ணப்பத்தில் வழக்கு எண், கட்சிக்காரர்கள் பெயர், எந்த ஆவணம், அதன் தேதி, நீங்கள் வழக்கில் யார் என்பதை எழுதி, உரிய கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். 'வழக்குக் கட்டு முழுவதும்' என்று எழுதாதீர்கள். தீர்ப்பு, தீர்ப்பாணை, அரசுத் தரப்பு 2-ஆம் சாட்சியின் வாக்குமூலம், சான்றாவணம் 5 என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உரிமையியல் வழக்கு, அதாவது சிவில் வழக்கு என்றால் தீர்ப்பு வேறு, தீர்ப்பாணை என்னும் டிக்ரி வேறு. முதல் மேல்முறையீட்டுக்குப் பொதுவாக இரண்டையும் கேட்பார்கள். மனு கொடுத்ததும் நகல் மனு எண் தருவார்கள்.

பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று கணக்கிட்டு, நகல் மனு எண்ணோடு ஒரு பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் அந்தத் தாள்களை வாங்கிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள்.

என் அத்தையின் நில வழக்கில் இது நடந்தது. தீர்ப்பு வந்த மறுநாளே நகல் மனு போட்டாயிற்று. 'ரெடியானதும் சொல்வார்கள்' என்று வீட்டில் இருந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்துப் போனால், பட்டியல் வந்து, கெடு முடிந்து, மனு அடிபட்டிருந்தது. மறுபடி மனு, மறுபடி காத்திருப்பு. மேல்முறையீட்டைத் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடுதான் தாக்கல் செய்ய முடிந்தது. அதற்கு மட்டும் எதிர்த்தரப்பு எதிர்வாதம் செய்து மாதங்கள் ஓடின. அத்தைக்கு அந்த மாதங்களில் தூக்கமே இல்லை.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நகலில் ஐந்து தேதிகள் பதிவாகியிருக்கும்: மனு கொடுத்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறது 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. கீழமை நீதிமன்றத்தின் உரிமையியல் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். குற்றவியலில் தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாள் உங்கள் கணக்கில் கழியும். முத்திரைத்தாள் கட்டாமல் நீங்கள் கடத்திய நாள் கழியாது. ஆகவே மனு போட்ட பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பலகையைப் பாருங்கள், அல்லது வக்கீலின் குமாஸ்தாவிடம் எண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பலகையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகல் உடனே, இலவசமாகத் தரப்பட வேண்டும். அதற்கு மனுவே வேண்டாம். விசாரணை தொடங்கும் முன் இறுதி அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் எல்லாம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசம். அவர் முன்னிலையான நாளிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 230-ஆம் பிரிவு. வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இதே உரிமையை இப்போதைய சட்டம் சேர்த்திருக்கிறது. இது பெரிய மாற்றம். பாதிக்கப்பட்டவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

வழக்கில் கட்சிக்காரர் அல்லாதவர், உதாரணமாக நிலம் வாங்கப்போகிறவர், நகல் கேட்டால் எதற்கு வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்துடன் தனி மனு போட்டு நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். காரணத்தைப் பொதுவாக எழுதாமல், எந்த சர்வே எண், உங்களுக்கு அதில் என்ன அக்கறை என்று குறிப்பாக எழுதினால் அனுமதி கிடைப்பது எளிது.

முடிந்துபோன பழைய வழக்குகளின் கட்டுகள் ரெக்கார்ட் ரூமுக்குப் போய்விடும். அங்கே தேட, தீர்ப்பான தேதி மிக அவசியம். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு பல கட்டுகளை விதிப்படி அழித்தும் விடுவார்கள். தாத்தா காலத்து பாகப்பிரிவினை வழக்கின் டிக்ரி வேண்டும் என்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டம் எங்கே உதவும்?

எல்லாவற்றுக்கும் ஆர்.டி.ஐ. போடு என்று சொல்பவர்கள் உண்டு. நீதிமன்ற ஆவண நகலுக்கு அது வழி அல்ல. நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். நகலுக்கும் மேலே சொன்ன வழிகள் இருக்கும்போது 30 நாள் காத்திருப்பானேன்?

ஆர்.டி.ஐ.யின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் மனு மீது ஒன்றும் நடக்காதபோது, கோப்பு எந்த மேஜையில் எத்தனை நாள் இருந்தது என்பதை வெளியே கொண்டுவர அதைப்போல ஒரு கருவி இல்லை. தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 'பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம்' என்று எழுதி, சேர்ப்பு ஒப்புகை கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும்.

கேள்வி எழுதும் விதத்தில்தான் பலன் இருக்கிறது. "என் புகார் மீது ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்:

"1. நான் 12.03.2025 அன்று அளித்த மனு (சி.எஸ்.ஆர். எண் குறிப்பிடுக) மீது இன்றுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை தொடர்பான கோப்பின் எல்லாப் பக்கங்களின் நகல். 2. அந்த மனு எந்தெந்த அலுவலருக்கு எந்தெந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்களின் நகல். 3. வழக்குப் பதிவாகியிருந்தால் குற்ற எண், இறுதி அறிக்கை தாக்கலான தேதி, நீதிமன்றம், வழக்கு எண்."

மூன்றும் ஏற்கெனவே அவர்களிடம் தாளாக இருப்பவை. மறுக்க இடம் குறைவு. புலனாய்வு நடக்கிறது என்று ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்தால், தகவல் தருவது புலனாய்வுக்கு எப்படித் தடையாகும் என்று அவர்கள் சொல்ல வேண்டும். புலனாய்வு நடக்கிறது என்பது மட்டும் போதாது என்று தில்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007-லேயே சொல்லியிருக்கிறது. சில பகுதிகளை மட்டும் மறைக்க வேண்டியிருந்தால் மீதியைத் தர வேண்டும் என்பது அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு. அதையும் மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அது அதே துறையின் மேல் அதிகாரிக்கு, கட்டணம் இல்லாமல். அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் விசாரணை வர வெகுகாலம் ஆகும். ஆனால் முதல் மேல்முறையீடு போனதுமே பல கோப்புகள் அசைந்துவிடுகின்றன. ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரம்தான் கெடு. ஆனால் உறவினர் காவலில் இருக்கிறார் என்றால் அதற்காகக் கூடக் காத்திருக்க வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள், கைதானவர்களின் விவரத்தை அங்கே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

கிடைக்காதவை

வழக்கு நாட்குறிப்பு, அதாவது கேஸ் டைரி, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கிடைக்காது. குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல, இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரையும் குழந்தைகளையும் அடையாளம் காட்டும் எதையும் வெளியார் பெற முடியாது. உங்களிடம் சட்டப்படி அத்தகைய காகிதம் இருந்தாலும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் பெயரை வெளியிடுவதே தண்டனைக்குரிய குற்றம். அதைவிட, அந்தப் பிள்ளை அதே ஊரில் வாழ வேண்டும்.

செலவுக்கு வழியில்லை, எழுதத் தெரியவில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

நகல் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகரும் முன் பக்கங்களை எண்ணுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருக்கிறதா, கடைசியில் கையொப்பம் இருக்கிறதா, அந்த ஐந்து தேதிகளும் நிரம்பியிருக்கின்றனவா, உங்கள் பெயரும் சர்வே எண்ணும் சரியா என்று பாருங்கள். குறை இருந்தால் அன்றே அங்கேயே சொல்லித் திருத்தி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பக்கத்தையும், பின்பக்கம் உட்பட, ஸ்கேன் எடுத்து மூலத்தைத் தனியே வையுங்கள். பிறர் கேட்டால் ஸெராக்ஸைக் கொடுங்கள்.